இடது கைச் சுற்று

உலு திராம் ஊரில் ஒரு வீட்டின் சமையலறை மேசையில் நான்கு மணி வெயில் சாய்ந்து கிடக்கிறது. தேவாலயத்தில் ஆறு மணிப் பூசைப் பாட்டுக்குப் போகவேண்டிய பழைய கீபோர்டு நாற்காலியில் படுத்திருக்கிறது. அதன் பவர் சப்ளை எந்தக் கடையிலும் கிடைக்காததால், ஸ்டானிஸ்லாஸும் மனைவி ஐலீனும் கையாலேயே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் மஞ்சள் டேப் போர்த்திக்கொண்டு உள்ளங்கை அளவில் மேசைமேல் நிற்கிறது. கோளாறு இருந்தால் கருகிவிடாமலிருக்க, ஸ்டானிஸ்லாஸ் மின்சாரத்தை ஒரு குண்டு பல்பு வழியாகவே அதற்குள் விடுகிறான். பல்பு மங்கினால் நல்லது; பளீரென்று எரிந்தால் உள்ளே எங்கோ கோளாறு. மூன்றாம் முறையும் அது பளீரென்று எரிகிறது. அணைக்கிறான். “கம்பி எங்கயும் ஒட்டல. கணக்கும் சரிதான் லா.” மின்சாரம் ஏறும் சுற்றை இரு பாதிகளாகச் சுற்றி, ஒன்றின் முனையை மற்றதோடு தொடராக இணைத்திருக்கிறார்கள். உள்பாதி அவனுடையது, மேல்பாதி ஐலீனுடையது. அவள் ஒரு கரண்டியை எடுத்து, அதன் காம்பில் இல்லாத கம்பியைச் சுற்றிப் பார்க்கிறாள். விரல் பாதியில் நிற்கிறது. “அலமாக்! நான் இடது கை. நீங்க சுத்துனதுக்கு எதிர்ப்பக்கமா சுத்திட்டேன்! ரெண்டு பாதியும் ஒன்னையொன்னு அடிச்சுக்குது!” அவன் அவள் கையையே பார்க்கிறான். “பிரிக்க வேணாம். உன் பாதியோட ரெண்டு முனையையும் மாத்தி வச்சா போதும்.” ஈயம் உருகி, புகை வெயிலில் நெளிகிறது. அவன் சுவிட்சைத் தட்டுகிறான். பல்பு ஒருமுறை சிமிட்டிவிட்டு இருள்கிறது. இருவரும் மூச்சு விடாமல் அந்த இருண்ட பல்பையே பார்த்திருக்கிறார்கள். அது இருட்டாகவே இருக்கிறது. அவன் கீபோர்டின் வயரை அதில் இணைக்கிறான். கீபோர்டின் மூலையில் சிவப்பு விளக்குப் புள்ளி விழிக்கிறது. “நீயே தொடு.” ஐலீன் இடது கையை நீட்டி, இடப்பக்கக் கடைசிக் கட்டையை அழுத்துகிறாள். கனத்த சுரம் எழுகிறது. மேசைமேல் கரண்டி மெல்ல அதிர்கிறது.