மீசை வைத்த அக்கா

“இன்னையோட நம்ம அக்காவுக்கு ரிட்டயர்மென்ட்!” என்று துணை ஆசிரியை அறிவித்ததும் பத்திரிகை அலுவலகமே சிரித்தது.

அந்த அக்காவுக்கு இருபது வயது. மீசை இப்போதுதான் கொஞ்சம் மரியாதையாக முளைத்திருந்தது. கல்லூரி விடுமுறையில் எழுத்துப் பயிற்சிக்கு என்று அந்த வாரப் பத்திரிகைக்கு வந்தவனை, முதல் நாளே ‘அன்பு அக்கா’ கேள்வி பதில் பகுதியில் உட்கார வைத்துவிட்டார்கள். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள்தான் அங்கே எப்போதும் அக்கா. இதை வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது என்பது அலுவலகத்தின் எழுதாத சட்டம்.

வாசகர்கள் ஃபோனில் பேசிப் பதிவு செய்வார்கள். தட்டச்சு செய்கிறவர் அதைக் கேட்டு, பெயர், ஊர், அழுகை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு இரண்டு வரிக் கேள்வியாக இவன் மேஜைக்கு அனுப்புவார். இவன் ஊருக்கே மூத்தவன் மாதிரி புத்தி சொல்வான்.

“போர்டுல ஒட்டி வெச்சிருக்கேன் பார்த்தியா?” என்று துணை ஆசிரியை சத்தமாகப் படித்தார். “‘நூலை விட்டுக் கொடுங்கள். பட்டம் பறக்கட்டும். வேண்டும்போது தானாக உங்கள் கைக்கே வரும்.’ இதைப் பாராட்டி எவ்வளவு பேர் பேசினாங்க தெரியுமா? என்னடா, லவ் ஃபெயிலியரா?”

“லவ்வே இல்லை மேடம். அப்புறம் எங்க ஃபெயிலியர்?”

“அப்படியும் இப்படி எழுதறே! பொழைச்சுக்குவே.”

அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தேநீர் ஆறுவதற்குள் எழுதித் தள்ளிய பதில் அது. கேட்டது யார், என்ன கேட்டார் என்பதெல்லாம் மறந்தே போய்விட்டது.

“ஒரே ஒரு தடவையாவது என் பேரைப் போட்டிருக்கலாம் மேடம்.”

“உன் பேரைப் போட்டா அக்கா மானம் என்னடா ஆகும்? சரி, இன்னையோட முடியுதுன்னு வீட்டுல சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் மேடம்” என்றான். பொய்.

பிஸ்கட் தட்டு காலியானது. அச்சுக்குப் போகிற நாள் என்பதால் எல்லோரும் அவரவர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்கள். அடையாள அட்டையை வாசலில் கொடுத்துவிட்டு அவன் வெளியே வந்தபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விடுதியில் ஈ காக்கை இல்லை. விடுமுறைக்குக் கிளம்பிய அறைத் தோழர்கள் மெத்தைகளைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கொடியில் அவனுடைய சட்டை மட்டும் தொங்கியது.

கல்லூரிக்கு ஒரு பக்கக் கட்டுரை கொடுக்க வேண்டும். ‘இந்தப் பயிற்சியில் நீ கற்றது என்ன?’ பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, ‘கேட்பவரின் மனதைப் புரிந்துகொண்டு பதில் சொல்லக் கற்றேன்’ என்று ஆரம்பித்தான். நன்றாக இருந்தது. படித்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

அம்மாவிடம் படித்துக் காட்டலாம். ஆனால் அம்மாதான் பேசுவதில்லையே!

வந்த புதிதில் அவள் ஓயாமல் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே மழையா? இவன் பக்கத்து மேஜைக்குக் கேட்காமல், “வேலையா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்” என்று வெட்டிவிடுவான். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. பிறகு ஒருநாள் அழைப்புகள் சட்டென்று நின்றுபோயின. முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. அவளே கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்தான். இப்போது வீம்பும் போய், அவள் குரலைக் கேட்டால் போதும் என்று இருந்தது. ஒருவேளை தான் இல்லாமலே அவளுக்குப் பழகிவிட்டதோ என்று பயமாகக்கூட இருந்தது.

ஃபோனை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்து அழுத்தியே விட்டான்.

ஃபோன் மணி ஒரு தடவை முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

“ராஜா! நீயேதான் கூப்பிட்டியா? கை தவறிப் பட்டுடலையே?”

“நான்தாம்மா. ஏம்மா, என்னை அடியோட மறந்துட்டியா? ஒரு ஃபோன்கூட இல்லை. என் மேல அவ்வளவு கோபமா?”

“உன் மேல எனக்கென்னப்பா கோபம்?” அவள் சிரித்தாள். “தினமும் ஃபோனைக் கையில எடுப்பேன். நம்பரைப் பார்த்துட்டு அப்படியே வெச்சிடுவேன்.”

“ஏன்?”

“சொன்னா சிரிக்கக் கூடாது. உங்க பத்திரிகையை வாரம் தவறாம வாங்கறேன். உன் பேர் எங்கயாவது வந்திருக்கான்னு ஒரு வரி விடாம படிப்பேன். உன் பேரைத்தான் காணோம். ஆனா அதுல ஒரு அக்கா வராங்களே, மனசு கேக்காம அவங்களுக்கு ஃபோன் பண்ணிட்டேன்.”

அவன் சிரிக்கவில்லை.

“‘எம்பிள்ளை ஆசையா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான், நான் என்ன பண்ணட்டும்’னு அழுதுட்டே கேட்டேன். நூலை விட்டுக் கொடுங்க, வேணும்போது தானா கைக்கு வரும்னு எழுதியிருந்தாங்க. பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்ப்பா. இன்னைக்குப் பாரு, அவங்க சொன்ன மாதிரியே நீயா கூப்பிட்டுட்டே!”

அவன் கட்டுரைத் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

“நீ அங்கதானே வேலை பார்க்கறே? அந்த மகராசியைப் பார்த்தா, அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்கன்னு மறக்காம சொல்லிடு ராஜா.”