விஷமில்லாத சிவப்பு

சித்தன்னவாசலில் பத்து மணிக்குக் கூட்டம். வண்ணத்துப்பூச்சிகள் போடும் வேஷத்தைப் பற்றிப் பேசவேண்டிய பேராசிரியர் பெலிக்ஸ், தலை கலையக் கூடாதென்று ஹெல்மெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு பைக்கை எடுத்தார்.

"போலீஸ் புடிச்சா?" என்றாள் பின்னால் ஏறிய மனைவி ஷர்லி.

"புடிக்காது. ரோஜா அழகின்னு ஒரு பூச்சி, ஒடம்பெல்லாம் விஷம். அந்தச் சிவப்பப் பாத்தாலே குருவி ஒதுங்கிரும். கறிவேப்பிலை அழகிக்கு விஷமே கெடையாது. ஆனா அதுல பொட்டப் பூச்சி அதே சிவப்போட திரிஞ்சு தப்பிச்சுக்கும். நம்ம வண்டியும் அந்த ரகந்தான்."

வண்டியின் முகப்பில் சிவப்பு எழுத்தில் 'பிரஸ்' என்று ஒட்டியிருந்தது. பத்திரிகைக்கும் பெலிக்ஸுக்கும் இருந்த ஒரே உறவு, காலையில் காசு கொடுத்து வாங்குவதுதான்.

அன்னவாசல் சாலையில் சோதனை. ஹெல்மெட் இல்லாமல் முன்னால் போன ஜோல்னாப்பைக்காரரை விட்டுவிட்டு, ஏட்டு பெலிக்ஸை மறித்தார்.

"அந்தாளும்தான் ஹெல்மெட் போடல!" பெலிக்ஸ் எகிறினார்.

"அவருக்கு ஸ்டிக்கர் இல்லைங்களே சார். காலையிலேர்ந்து பிரஸ்னு ஒட்டுன வண்டி முப்பது வந்துச்சு. ஒருத்தர்கிட்டயும் கார்டு இல்ல. இப்பல்லாம் ஸ்டிக்கரப் பாத்துத்தான் கையவே காட்டுறோம். ஒங்க கார்டு?"

அபராதம் கட்டி, பெலிக்ஸ் மேடையேறும்போது மணி பதினொன்று. முன்வரிசையில் அதே ஜோல்னாப்பைக்காரர், கையில் நோட்டுடன் எழுந்து வணங்கினார்.

"நிருபருங்க சார். ஒங்க பேச்சக் கேட்டு எழுதத்தான் வந்தேன்."

"ஒங்க வண்டியில ஸ்டிக்கரக் காணோமே?"

"அதக் கிழிச்சு ஆறு மாசமாச்சுங்க. அப்பறந்தான் எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வர முடியுது!"