இறங்குகிற கோடு

"மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டாங்கம்மா!"

மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள் தேவிப்ரியா. ஏழாம் மாதம். பிரசவத்துக்காக கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"யாருடி?" என்றாள் அம்மா மகேஸ்வரி.

"எதிர்வீட்டு ரோஹிணி தீதி. அந்த அக்கா என்னைப் படிக்கட்டுல பார்த்ததும் உள்ளே ஓடிட்டாங்க."

மகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. ரோஹிணி கணக்கு டீச்சர். கல்யாணமாகிப் பத்து வருஷம், குழந்தை இல்லை. போன வாரம் வரை தேவியின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தவள்தான்.

"வயித்தெரிச்சல்டி. வேறென்ன?"

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் கல்லுப்பும் மிளகாயும் எடுத்து மகளுக்குத் திருஷ்டி சுற்றினாள். கடைசிச் சுற்றை மட்டும் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்து முடிப்பாள்.

வளைகாப்புக்கும் ரோஹிணி வரவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறதே! மறுநாள் வளையலும் புளியோதரையும் எடுத்துக்கொண்டு மகேஸ்வரியே போனாள்.

ரோஹிணியின் கணவர் சிவராம் கதவைத் திறந்தார். "அவளுக்கு உடம்பு சரியில்லைக்கா" என்று வாசலிலேயே வாங்கிக்கொண்டார்.

அவர் தோளுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரு கோடு உயரத்தில் கிளம்பி, வளைந்து கீழே இறங்கியது. வழியில் ஐந்து புள்ளிகள். அடியில் இருந்த கடைசிப் புள்ளிக்குப் பக்கத்தில் 'தேவி' என்று எழுதியிருந்தது.

மகேஸ்வரி விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினாள்.

"என் பொண்ணு பேரை எழுதி, கோட்டைக் கீழே இறக்கி வச்சிருக்கா! இது செய்வினைங்க!" என்று கணவர் ஜெய்ராமிடம் குமுறினாள்.

"யாராவது கிராஃப் தாள்ல செய்வினை வைப்பாங்களாடி?"

"கணக்கு டீச்சர் வேற எதுல வைப்பா?"

மூன்று வாரம் போனது. ஒரு சாயங்காலம் ரோஹிணியே வந்து நின்றாள், கை நிறைய அந்த வளைகாப்பு வளையல்களோடு. மகேஸ்வரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்தத் தாள்ல எதுக்கு என் பொண்ணு பேரு? அதைச் சொல்லிட்டு உள்ளே வா."

ரோஹிணி திகைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"தைராய்டுக்குக் கதிரியக்க மருந்து குடுத்தாங்கக்கா. அது உடம்புல இருக்கிறப்போ கர்ப்பமா இருக்கிறவங்க பக்கத்துல போகக் கூடாது. எட்டு நாளைக்கு ஒருதரம் பாதியாக் குறையும். நூறு, அம்பது, இருபத்தஞ்சு... மூணு வாரம் போதும்னுதான் டாக்டர் சொன்னார். எனக்குத்தான் மனசு கேக்கலை. அந்தக் கோடு இறங்கிக்கிட்டே இருக்குமே தவிர, பூஜ்யத்தைத் தொடவே தொடாது. அதான் அஞ்சு தடவை பாதியாகட்டும்னு நாப்பதாம் நாள் புள்ளிகிட்ட தேவி பேரை எழுதி வச்சேன். நூறு மூணாயிடுச்சு. இன்னிக்குத்தான் நாப்பது."

"அடிப்பாவி! சொல்லியிருக்கலாமே?"

"கதிரியக்கம்னு கேட்டாலே தேவி பயந்திருப்பா. என் மேல கோபம்னா அப்புறம் வந்து சமாதானப்படுத்திக்கலாம். புள்ளைத்தாச்சிக்குப் பயம் ஆகாதேக்கா."

மகேஸ்வரிக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. கூடவே கண்ணும் நிறைந்தது. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த தேவி ஓடி வராத குறையாக வந்து ரோஹிணியைக் கட்டிக்கொண்டாள்.

விளக்கு வைத்தாயிற்று. மகேஸ்வரி உப்பும் மிளகாயும் எடுத்து வந்தாள். வழக்கம்போல தேவி கிழக்கே பார்த்து உட்காரப் போனாள்.

"நீ தள்ளுடி" என்றாள் மகேஸ்வரி. "ரோஹிணி, நீ உட்காரு. இத்தனை நாளா உன் மேலதான் என் கண்ணு பட்டிருக்கு."