பத்து மணிக் கட்டம் காலி

“இவளை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பணும். அதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்.”

மகள் மேசையைத் தட்டினாள். அவள் அப்பா போய்ப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பக்கவாதம் வந்து, பேச்சும் ஒரு பக்கமும் போன நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவரைக் கொன்றது பக்கவாதம் இல்லை. போட்டது போட்டபடி கிடந்து முதுகில் புண் வந்து, புண் எலும்பு வரை போய், அந்த விஷம் ரத்தத்தில் ஏறிச் செத்துப்போனார்.

மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டரும் மேட்ரனும். ஓரமாகக் காலை ஷிஃப்ட் நர்ஸ் தலை குனிந்து நின்றாள்.

“உட்காருங்கம்மா. எங்களுக்கும் இது தலைகுனிவுதான்.” மேட்ரன் ஃபைலைத் திறந்து முதல் நாலைந்து தாள்களை மகள் பக்கம் திருப்பி வைத்தார். “இப்படிப் படுத்துக் கிடக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும். புரட்டினா இந்தக் கட்டத்துல கையெழுத்துப் போடணும். பாருங்க, காலைல எட்டு மணிக்குக் கையெழுத்து இருக்கு. பத்து மணி காலி. பன்னெண்டு மணி காலி. மறுநாளும் பத்து மணி காலி.”

மகள் ஒவ்வொரு காலிக் கட்டத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அங்கெல்லாம் அப்பா அசையாமல் கிடந்திருக்கிறார்.

“இதுக்கு என்ன சொல்றே?” பெரிய டாக்டர் நர்ஸைக் கேட்டார்.

“அப்பல்லாம் புரட்டலை சார். அதான் எழுதலை.”

“கேட்டீங்களா இவ பேச்சை!” மகளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“ஒருத்தரைப் புரட்ட ரெண்டு பேர் வேணும் சார். கூடப் பிடிக்க யாராவது கிடைச்சப்பதான் புரட்டினேன். வார்டுல நான் ஒருத்தி, நோயாளிங்க முப்பத்தி நாலு பேர். துணைக்கு ஆள் கேட்டு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். கட்டம் காலியா கிடந்தாத்தானே இங்க வேலை நடக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்னு...”

“ஆள் இல்லை, ஆள் இல்லை. எப்பப் பாரு இதே பாட்டு.” பெரிய டாக்டர் எரிந்து விழுந்தார். “மத்தியான ஷிஃப்ட்டுக்கு மட்டும் வானத்துல இருந்தா ஆள் குதிக்குது? அங்கயும் ஒருத்திதான். அவ எழுதினதைப் பாரு.”

உண்மைதான். மத்தியான நர்ஸ் எழுதியதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி என்று ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை. இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதை முத்து முத்தாக எழுதி, நோயாளி எப்படி இருக்கிறார் என்று குறிப்பும் போட்டிருந்தாள். போன மாதம் தரச் சோதனைக்கு வந்தவர்கள் அவள் எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களாம்.

“அவங்களால முடிஞ்சுதே, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?” மகளின் குரல் உடைந்தது. “எங்கப்பாவால வலிக்குதுன்னு சொல்லக்கூட முடியாதே!”

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். “தெரியும்மா. புரட்டி முடிச்சதும் என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்குவாரு. நான் போகக் கூடாதுன்னு.”

“நீலிக் கண்ணீர் வடிக்காதே!”

பத்து நிமிடத்தில் உத்தரவு டைப் ஆகி வந்துவிட்டது. நர்ஸ் சட்டையிலிருந்த பெயர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று ஏதோ சொல்லத் தொடங்கி, யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“ஒரு கையெழுத்துப் போடறதுல உனக்கு என்னடி கேடு? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!” என்று மேட்ரன் பல்லைக் கடித்தார்.

மகளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. வார்டுக்குப் போய் மத்தியான நர்ஸைத் தேடிப் பிடித்து, இரண்டு கையையும் பற்றிக்கொண்டாள்.

“நீங்க இல்லேன்னா எங்கப்பா இன்னும் முன்னாடியே போயிருப்பாரு சிஸ்டர்.”

“அட, என் கடமையைத்தானே செஞ்சேன்” என்று அவள் அடக்கமாகச் சிரித்தாள்.

மகள் வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கவில்லை. கணவன் கதவைத் திறந்தான்.

“என்ன ஆச்சு?”

“அனுப்பிட்டாங்க.”

“மனசு ஆறுச்சா?”

அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபைலின் ஜெராக்ஸ் கட்டை அவனிடம் நீட்டிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள். அப்பாவின் கடைசி நாள் தாள் அதில் அடியில் இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

அவன் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தான். கடைசித் தாளில் நின்றுவிட்டான்.

“மாமா அன்னைக்கு எத்தனை மணிக்குப் போனாரு?”

“மத்தியானம் ஒண்ணு இருபது. நான்தானே அவர் கண்ணை மூடிவிட்டேன்? மூணு மணிக்கெல்லாம் வண்டியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோமே. அதை ஏன் இப்பக் கேக்கறீங்க?”

அவன் தாளை அவளிடம் நீட்டினான்.

‘காலை 8 மணி: இடப்பக்கம் புரட்டினேன். 10 மணி: (காலி). 12 மணி: வலப்பக்கம் புரட்டினேன், மூச்சு வாங்குகிறது, டாக்டருக்குச் சொல்லியாயிற்று.’

அதற்குக் கீழே மத்தியான ஷிஃப்ட்:

‘2 மணி: இடப்பக்கம் புரட்டப்பட்டார். 4 மணி: வலப்பக்கம் புரட்டப்பட்டார். 6 மணி: மல்லாந்து படுக்க வைக்கப்பட்டார். நோயாளி அமைதியாக இருக்கிறார்.’