வேட்டி ஓரத்து விரல்கள்

“சிரிக்காதம்மா. இது கல்யாண போட்டோ இல்ல.”

லோகநாயகி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அருள்மொழி போனை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். திரையில் ஒரு முட்டை வட்டம். முகம் அதற்குள் அடங்க வேண்டும். கண் சிமிட்ட வேண்டும். பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும்.

கிள்ளையில் அவர்கள் வீட்டுச் சுவர் கிளிப்பச்சை. அதனால் தங்கை இளமதி நாற்காலி மேல் ஏறி நின்று, அம்மாவுக்குப் பின்னால் அப்பாவின் பழைய வேட்டியை விரித்துப் பிடித்திருந்தாள்.

பேங்கில் அம்மாவின் கணக்கை முடக்கி வைத்திருந்தார்கள். ஆப்பில் முகத்தைக் காட்டினால்தான் திறக்குமாம். மூன்று தடவைதான் காட்டலாம். மூன்றும் தவறினால் ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

லோகநாயகி நேரிலேயே போய் நின்றாள். “நீங்க நேர்ல வந்தா நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா” என்றாள் கவுண்டரில் இருந்த பெண், நிமிர்ந்து பார்க்காமலே.

இளமதிக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் வேறு ஆளுக்குப் போய்விடும். இறால் உரித்து அம்மா சேர்த்த பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் கிடந்தது.

முதல் தடவை பிரவுசிங் சென்டரில் எடுத்தார்கள். பின்னால் மாட்டியிருந்த சாமி காலண்டரும் படத்தில் விழுந்துவிட்டது. இரண்டாவது தடவை அம்மாவே எடுத்துப் பார்த்தாள். அதில் நெற்றி மட்டும்தான் இருந்தது.

இது மூன்றாவது.

“மூக்குத்திய கழட்டணுமாடா?”

“வேணாம். மோவாய கொஞ்சம் இறக்கு. ஜன்னல் வெளிச்சம் நெத்தியில பளபளங்குது, இந்தப் பக்கம் தள்ளி உக்காரு.”

“உனக்கு எப்டிடா இதெல்லாம் தெரியும்?”

அவன் போனை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

“அண்ணா, கை வலிக்குது. சீக்கிரம் புடி” என்றாள் இளமதி. “அம்மா என்னா சினிமாவுலயா நடிக்கப் போவுது?”

லோகநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். அடக்கும்போது கண் சிமிட்டியது. போன் தானாகவே படத்தை எடுத்துக்கொண்டது.

முகம் தெளிவாக இருந்தது. கண் திறந்திருந்தது. இடது மேல்மூலையில், வேட்டி ஓரத்தைப் பிடித்தபடி இளமதியின் விரல்களும் இருந்தன. நகங்களில் பாதி உரிந்த சிவப்புச் சாயம்.

திரும்ப எடுக்கும் பொத்தானைத் தேடினான். இல்லை. ‘அனுப்பப்பட்டது. பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது.

“நல்லா வந்துருக்காடா?”

“வந்துருக்கு.”

“இத யாரு பாப்பாங்க? மிஷினா?”

“மிஷினுக்குச் சந்தேகம் வந்தா ஒரு ஆளு பாப்பான்.”

“நல்ல மனுசனா இருக்கணும், மாரியாத்தா” என்றாள் லோகநாயகி, கும்பிட்டபடி.

அவன் பையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸுக்கு நடந்தான்.

கீழ வீதியில் செருப்புக்கடைக்கு மேலே மாடி அறை. வாசலில் ஒரு அலமாரி. எல்லோரும் போனை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அருள்மொழி தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

முதல் முகம் வந்தது.

இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டபின் கிடைத்த வேலை இது. ராத்திரி முழுக்க முகங்கள் வரும். எந்த ஊர், எந்த பேங்க் என்று எதுவும் தெரியாது. மிஷின் சந்தேகப்பட்டு ஒதுக்கிய முகங்கள், அவ்வளவுதான். ஒன்றை அழுத்தினால் சரி. இரண்டு என்றால் மங்கல். மூன்று என்றால் கண் மூடியிருக்கிறது. நான்கு என்றால் இன்னொருவர் கை தெரிகிறது.

யாராவது மிரட்டி எடுத்த படமாக இருக்கலாம், கை தெரிந்தால் விடாதே என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவனும் அதை நம்பித்தான் ஒரு வருடமாக நான்கை அழுத்திக்கொண்டிருந்தான்.

ஒரு கிழவர் வந்தார். பின்னால் வெள்ளைப் போர்வை. போர்வை ஓரத்தில் சின்னச் சின்ன விரல்கள். பேத்தியாக இருக்கும். அவளும் நாற்காலி மேல் நின்றிருப்பாள்.

ஒன்றை அழுத்தினான்.

திரை சிவந்தது. அது வேலை பார்ப்பவர்களைச் சோதிக்க நடுநடுவே போட்டுவைக்கும் படம்.

“என்னா மச்சான், தூக்கமா?” டீம் லீடர் தமிழ்மணி பின்னாலிருந்து கேட்டான். “அம்மாம் பெரிசா கையி தெரியுது, உனக்குக் கண்ணு தெரியல. இன்னொன்னு இதே மாதிரி போச்சுன்னா நாளைலேருந்து உன்ன வரவேணாம்னுடுவாங்க.”

அதன் பிறகு அருள்மொழி முகங்களைப் பார்ப்பதை விட்டான். ஓரங்களை மட்டும் பார்த்தான். புடவை ஓரத்தில் கை. நான்கு. போர்வை ஓரத்தில் கை. நான்கு. வேட்டி ஓரத்தில் கை. நான்கு.

டீக்கு எழுந்தபோது அலமாரியிலிருந்து போனை எடுத்தான். இளமதி அனுப்பியிருந்தாள்.

‘அண்ணா, ரிஜெக்ட் ஆயிடுச்சி. இன்னொருத்தர் கை தெரியுதாம். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.’

வேட்டி ஓரத்தில் இருந்த நகங்களில் சிவப்பு இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தான்.

அவன் நகத்தைப் பார்த்திருக்கவில்லை.