ஒயினுக்குத் தீர்ப்பு

கிளமென்ட் குடியை விட்டு எட்டு மாதமாகிறது. கிறிஸ்துமஸுக்கு அவரவர் வீட்டில் போட்ட திராட்சை ஒயினோடு சோமனூர் சின்னப்பராஜும் எதிர்வீட்டு லின்சியும் அவரிடம் ருசி கேட்க வந்துவிட்டார்கள்.

அடுப்படியில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி விமலாராணி கூடத்துப் பக்கமே காதை வைத்திருந்தாள். வந்தவர்கள் முன்னால் வாய் திறக்க முடியுமா?

“சின்னப்பா, உன்றது ஒரே புளிப்பப்பா!” கூடத்திலிருந்து கணவர் குரல். “லின்சி, உன்றது பாயசமாட்ட இனிக்குது. சர்க்கரையைக் கொறைச்சுப் போடு கண்ணு.”

அவர்கள் போனதும் ஓடிவந்தாள். இரண்டு டம்ளரும் காலி!

“ஏனுங்க, மாதா முன்னாடி பண்ணுன சத்தியம் அவ்வளவுதானுங்களா?”

“வாயை மோந்து பாரு அம்மணி. ஒருத்தருதை ஒருத்தர் குடிக்கச் சொன்னேன். லின்சி மூஞ்சி கோணுச்சு, சின்னப்பன் ஒதட்டை நக்குனான். அதைப் பாத்துத்தான் சொல்லிப்போட்டேன்!”