தூணுக்குக் கட்டிய சேலை

"கண்ணு தெரியாத பிள்ளைதான் வேணும்னு ஏன் இவ்வளவு பிடிவாதமா கேக்கறீங்க?"

ஜஹீதா கேட்டதும் சண்முகவடிவு லேசாகச் சிரித்தாள். காபி டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணு தெரிஞ்ச பிள்ளைய யாரும் எடுத்துக்கிடுவாக டீச்சரம்மா. தெரியாததுக்கு யாரு இருக்கா?"

அடையாற்றில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் டீச்சரான ஜஹீதாவுக்கு இதுவும் ஒரு வேலை. தத்துக் கேட்பவர்களின் வீட்டைப் போய்ப் பார்த்து, பிள்ளையைக் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால் இருக்கும் இந்த வீடு அவளுக்குப் புதிதல்ல. முன்பு இரண்டு முறை கண் தெரிந்த பிள்ளைகளைக் கொடுத்து, இரண்டும் ஒரு வாரம்கூடத் தாங்காமல் காய்ச்சலோடு திரும்பி வந்துவிட்டன. என்ன நடந்தது என்று கேட்டால், இரண்டு பிள்ளைகளும் ஜஹீதாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை.

இப்போது பேச்சு தேவானையைப் பற்றி. இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஏழு வயது. அம்மை நோய் கண்களைக் கொண்டுபோனது; மண்சரிவு அப்பா அம்மாவை. இந்தியாவில் ஒரு வீடு கிடைக்குமா என்று அங்கிருந்து கேட்டிருந்தார்கள். இதுவும் நிலைக்காவிட்டால் அந்தப் பிள்ளை போக இடமில்லை. நினைக்க நினைக்க ஜஹீதாவுக்குக் காபி கசந்தது.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து, கடல் தாண்டி வர்ற குழந்தை. நல்லா யோசிச்சீங்களா?"

"தூரம்னா நல்லதுதான? திரும்பிப் போவணும்னு தோணாது."

அந்தப் பதில் ஜஹீதாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டைச் சுற்றிப் பார்க்கப் பார்க்க மனம் இளகியது. கூடத்துத் தூண்களில் வடிவு பழைய சேலைகளை மெத்தென்று சுற்றியிருந்தாள். மேஜை முனைகளில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. ஒவ்வொரு கதவிலும் வேறு வேறு ஓசையில் ஒரு மணி. கொல்லைக் கிணற்றின் மேல் பலகை அடித்து, அதன் மேல் ஆட்டுக்கல்லையும் தூக்கி வைத்தாயிற்று.

"தூணுக்கெல்லாம் சேலை கட்டியாச்சு," என்றார் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்த வடிவின் கணவர் ராஜரத்தினம். அவருக்கு ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை. "இனி எனக்கும் ஒண்ணு கட்டிவிட்டுருவா. நானும் அப்படித்தான அசையாம நிக்கேன்!"

"ஒங்க வயித்தச் சுத்த ஒரு சேல காணாது," என்றாள் வடிவு.

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது ஜஹீதாவின் பார்வை சுவரில் இருந்த படத்தில் போய் நின்றது. கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோன மகள் தங்கம். இரட்டைச் சடை, பட்டுப் பாவாடை. படத்துக்குப் பொட்டும் இல்லை, மாலையும் இல்லை.

"ஊர்ல எல்லாரும் சொல்லுதாங்க," ராஜரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "கல்யாணமாகாமப் போன பிள்ள கன்னி தெய்வம். ஓலப்பெட்டியில பாவாடையும் வளையலும் வச்சுக் கும்புடணும். இவ கேக்கமாட்டேங்கா."

"கும்புட்டா சாமியாயிருவா," என்றாள் வடிவு. "எனக்கு மகதான் வேணும்."

அவர் சாப்பிட உள்ளே போனார். வடிவு ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"கண்ணக் கட்டிக்கிட்டு ஒருக்க நடந்து பாக்கீகளா? நான் தெனமும் மத்தியானம் நடப்பேன்."

ஜஹீதா கட்டிக்கொண்டாள். இருட்டில் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. தூண், அடுத்த தூண், பிறகு வெறும் காற்று. எந்தப் பக்கம் திரும்புவது என்று தடுமாறியபோது குளிர்ந்த கையொன்று அவள் விரல்களைப் பற்றி மெல்லத் திருப்பிவிட்டது. ஈரமான கை. டம்ளர் கழுவியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

துண்டை அவிழ்த்தபோது வடிவு கூடத்தின் மறுகோடியில் நின்றிருந்தாள்.

"எங்கயும் இடிக்கலையே?"

"இல்லை. நீங்கதான் கையைப் பிடிச்சுட்டீங்களே."

வடிவு ஜஹீதாவின் ஈர விரல்களைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்த விதத்தை ஜஹீதா எந்தத் தாயிடமும் பார்த்ததில்லை.

"அப்ப, பிள்ளையத் தருவீகளா?"

"தரேன்," என்றாள் ஜஹீதா.

அடுத்த மாதம், கப்பலும் ரயிலுமாக வந்து சேர்ந்த தேவானையை ஜஹீதாவே எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தாள். வழியெல்லாம் அவள் புடவையை விடாமல் பிடித்திருந்த பிள்ளை, அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் கையை எடுத்துவிட்டது. சேலை சுற்றிய தூண்களைத் தடவித் தடவி நடந்தது. மணிகளை ஆட்டிப் பார்த்தது. பின்னறைக்குள் போயிற்று. முன்பு வந்த இரண்டு பிள்ளைகளும் வாசலிலேயே நின்று அழுத அறை அது.

ஜஹீதா கூடத்திலேயே காத்து நின்றாள். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. இது நிலைத்துவிடும், இந்தப் பிள்ளைக்கு வீடு கிடைத்துவிட்டது. சொல்லிக்கொண்டு புறப்படலாம் என்று எட்டிப் பார்த்தாள்.

அறை நடுவே தேவானை தனியாக உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் கைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இந்த அக்கா கை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"

கதவோரம் நின்றிருந்த வடிவு தேவானையைப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு எதிரே இருந்த வெறும் இடத்தைப் பார்த்துக் கனிவாகச் சொன்னாள்:

"ஆச தீர வெளையாடு தங்கம். இது ஒன்னப் பாத்துப் பயந்து ஓடாது."